கோடை முகாமுக்குப் போகும் பிள்ளையின் மருந்து யார் கையில் இருக்க வேண்டும்?

தென்றல்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 10 வயசு. ஆஸ்துமாவுக்குக் காலையும் ராத்திரியும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறான். மூச்சு முட்டினா எடுக்க நீல இன்ஹேலர் தனியா இருக்கு. நிலக்கடலை ஒவ்வாமையும் உண்டுங்கிறதால எபிநெஃப்ரின் ஊசிப் பேனா ரெண்டு எப்பவும் கூடவே வரும். முதல் தடவையா இந்த வருஷம் தங்கிப் பழகுற கோடை முகாமுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். அவனுக்கு ரொம்ப ஆசை.

முகாம்ல இருந்து வந்த படிவத்துல ஒரு வரி: "எல்லா மருந்துகளும் வந்தவுடன் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அவை பூட்டி வைக்கப்படும்." பூட்டி வைக்கிறது நல்லதுதான், புரியுது. ஆனா ஏரிக்கரையில விளையாடுற நேரத்துல மூச்சு முட்டினா, சாவியைத் தேடிக்கிட்டு யார் ஓடுவாங்க? போன் பண்ணிக் கேட்டேன். "கவலைப்படாதீங்க, எல்லாம் பார்த்துக்குவோம்"னு சொன்னாங்க. அதுக்கு மேல பதில் இல்லை. அவங்ககிட்ட என்ன கேட்கணும், மருந்தை எப்படிக் கொடுத்து அனுப்பணும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

முகாம்_செவிலியர்

வணக்கம் தென்றல். உங்கள் சந்தேகம் நியாயமானது. "பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலோடு அனுப்பிவிடாதீர்கள். கோடை முகாம்களில் செவிலியராக வேலை பார்க்கிறவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மருந்துகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குக் கொடுக்கும் மருந்து ஒரு வகை. உங்கள் பையனின் தடுப்பு இன்ஹேலர் அதில் வரும். அரை மணி நேரம் முன்னே பின்னே போனாலும் பாதகமில்லை. பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், செவிலியர் எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும். அவசரத்துக்கு எடுக்கும் மருந்து இன்னொரு வகை: நீல இன்ஹேலர், எபிநெஃப்ரின் பேனா, வலிப்பை நிறுத்தும் மருந்து, ரத்தச் சர்க்கரை இறங்கினால் கொடுக்கும் குளுக்கோஸ், குளுக்ககான். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே இவையும் இருந்தாக வேண்டும். கடுமையான ஒவ்வாமை சில நிமிடங்களில் உயிரைத் தொட்டுவிடும். அலுவலகம் எவ்வளவு தூரம், சாவி யாரிடம் என்று யோசிக்க அப்போது நேரம் இருக்காது.

ஆகவே "மருந்தைப் பத்திரமாக வைப்பீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். நேராகக் கேளுங்கள். நடைபயணத்தின் நடுவில் என் மகனுக்கு மூச்சு முட்டினால் அந்த நிமிடம் நீல இன்ஹேலர் யார் பையில் இருக்கும்? அவருடைய பொறுப்பு என்ன? எபிநெஃப்ரின் பேனாவை, ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிப் பேனாவிலாவது, அவர் ஒரு முறை கையால் பிடித்து அழுத்திப் பார்த்திருக்கிறாரா? அவர் விடுப்பில் போகும் நாளில் அந்தப் பை யாரிடம் போகும்? இந்த நான்குக்கும் தயங்காமல் பதில் வந்தால் அந்த முகாமில் ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம்.

பையனால் நீல இன்ஹேலரைத் தானே சரியாக எடுக்க முடியுமா? முடிந்தால், "தானே வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் படிவத்தோடு இணையுங்கள். பல இடங்களில் அந்த ஒரு தாள் இருந்தால் இன்ஹேலர் பையன் இடுப்பிலேயே இருக்க அனுமதி கிடைத்துவிடும்.

முகாம்_நிர்வாகி

செவிலியர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் "எல்லாவற்றையும் பூட்டுவோம்" என்று நாங்கள் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே அறையில் எட்டு, பத்துப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒருவன் பையில் மாத்திரை இருந்தால் அடுத்தவன் எடுத்துப் பார்ப்பான். "எனக்கும் தலை வலிக்குது" என்றால் நண்பன் தன் மாத்திரையைக் கொடுத்துவிடுவான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, பாசத்தில்தான் கொடுப்பான். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ADHD) கொடுக்கப்படும் ஊக்கி மாத்திரைகளைப் பெரிய பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதும் உண்டு. மிட்டாய் போலவே இருக்கும் தூக்க மாத்திரை, சத்து மாத்திரையெல்லாம் சின்னப் பிள்ளைகள் கையில் கிடைத்தால் டப்பாவே காலியாகிவிடும்.

இன்னொன்று. இடுப்பில் கட்டிய இன்ஹேலர் தண்ணீரில் விழும், மரத்தடியில் மறந்துபோகும். பிள்ளையிடம் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அது அறையில் தலையணைக்கடியில் கிடக்கும். அதனால் அவசர மருந்தை வழிகாட்டியின் பையில் வைப்பதுதான் என் விருப்பம், பிள்ளையின் கையில் வேண்டாம்.

முகாம்_செவிலியர்

நிர்வாகி சார், நீங்கள் சொன்னது அத்தனையும் நடக்கிறதுதான். நேரத்துக்குக் கொடுக்கும் மருந்தைப் பூட்டுவதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஊக்கி மாத்திரைகளை நான் இரட்டைப் பூட்டில் வைக்கிறேன். வந்த அன்று பெற்றோர் முன்னிலையில் இரண்டு பேராக எண்ணி எழுதிக்கொள்கிறோம்.

வழிகாட்டியின் பை என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள் ஆற்றங்கரையில் இரண்டாகப் பிரிந்தால் பை ஒரு பக்கம் போய்விடும், பிள்ளை இன்னொரு பக்கம். அதனால் நான் செய்வது இப்படி: விவரம் தெரிந்த பிள்ளையிடம் ஒரு நீல இன்ஹேலர், வழிகாட்டியின் பையிலோ மருத்துவ அறையிலோ இன்னொன்று. காலை உணவு வரிசையில் நிற்கும்போதே "இன்ஹேலர் எங்கே, காட்டு" என்று வழிகாட்டி கேட்டுவிடுவார். காட்டாமல் வெளியே போகக்கூடாது. ஓரிரு நாளில் பிள்ளைகளே பழகிவிடுகிறார்கள்.

எபிநெஃப்ரின் பேனா பற்றித் தென்றலுக்கு ஒரு முக்கியமான விஷயம். இரண்டு பேனாவையும் பிரிக்க விடாதீர்கள். "ஒன்று பையனிடம், ஒன்று அலுவலகத்தில்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேலும் மூச்சுத் திணறலோ மயக்கமோ குறையாவிட்டால் இரண்டாவது போட வேண்டிவரும். இரண்டும் ஒரே பையில், பிள்ளையோடு இருக்கட்டும். முகாம் தன் பங்குக்கு மருத்துவ அறையில் தனியாக வைத்திருந்தால் நல்லது.

போடும் முறையை எல்லா வழிகாட்டிகளும் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம், நடுவில். கால்சட்டைக்கு மேலேயே போடலாம், கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பேனாவின் நுனியில் கட்டை விரலை வைக்கக்கூடாது; பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எத்தனை விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது பேனாவுக்குப் பேனா மாறும், மேலே எழுதியிருக்கும். போட்டதும் பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸ். "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று விட்டுவிடக்கூடாது. சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பி வரலாம். ஒவ்வாமைக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு எபிநெஃப்ரினைத் தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மாத்திரை அரிப்பைக் குறைக்கும். தொண்டை அடைப்பதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் அது நிறுத்தாது.

முன்னாள்_வழிகாட்டி

கல்லூரி நாட்கள்ல முகாம் வழிகாட்டியா இருந்திருக்கேன். பெரும்பாலும் எல்லாரும் அவசரத்தைப் பத்தியே பேசுறோம். நான் பார்த்த குழப்பமெல்லாம் சாதாரணக் காலை நேரத்துலதான்.

ஒரு முகாம்ல காலை மருந்து கொடுக்குற விதம் இப்படி இருக்கும். ராத்திரியே சின்னச் சின்னக் காகிதக் கோப்பைகள்ல மாத்திரைகளைப் போட்டு, பேர் எழுதி, ஒரு தட்டுல வரிசையா அடுக்கி வச்சிடுவாங்க. காலையில சாப்பாட்டுக் கூடத்துல மைக்ல பேர் கூப்பிடுவாங்க. ஒரு நாள் தட்டு சரிஞ்சுது. நாலஞ்சு கோப்பை கவிழ்ந்து, வெள்ளை மாத்திரை எல்லாம் மேஜை மேல உருண்டுபோச்சு. ரெண்டு மாத்திரை பார்க்க ஒரே மாதிரி, ஒண்ணுல மட்டும் நடுவுல கோடு. எது யாருதுன்னு ஊகிச்சுத் திருப்பிப் போட ஆரம்பிச்சாங்க. பக்கத்துல நின்ன ஒரு வழிகாட்டி அக்காதான் "வேண்டாம், எல்லாத்தையும் கழிச்சிட்டு டப்பாவுல இருந்து புதுசா எடுங்க"ன்னு தடுத்தாங்க. அன்னிக்குக் காலை நிகழ்ச்சியே தாமதமாச்சு. ஆனா அவங்க செஞ்சதுதான் சரி.

மைக்ல கூப்பிடுறதும் தப்பு. ஒரே பேர்ல ரெண்டு பசங்க இருப்பாங்க, ரெண்டு பேரும் எழுந்து வருவாங்க. அது போக, எல்லார் முன்னாடியும் "மாத்திரைக்கு வா"ன்னு கூப்பிட்டா பதிமூணு வயசுப் பொண்ணு கூச்சப்பட்டு வரவே மாட்டா. வேற ஒரு இடத்துல வேலை பார்த்தப்போ, பதிவேட்டுல ஒவ்வொரு பிள்ளையோட புகைப்படமும் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருத்தரா மருத்துவ அறைக்கு வரணும். "உன் பேர் என்ன, பிறந்த தேதி என்ன?"ன்னு பிள்ளையையே சொல்லச் சொல்வாங்க. "நீ இன்னார்தானே?"ன்னு கேட்டா, தூக்கக் கலக்கத்துல எதுக்கும் தலையாட்டிடும்.

முழுங்கினானான்னு வாயைத் திறந்து காட்டச் சொல்றதும் அவசியம். கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டுப் போய்ப் புதர்ல துப்புற பசங்களைப் பார்த்திருக்கேன்.

முகாம்_செவிலியர்

தம்பி சொன்ன கோப்பைப் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பெற்றோர் கேட்டால்தான் நிற்கும். டப்பாவிலிருந்து எடுப்பவரே கொடுக்க வேண்டும், கொடுத்தவரே உடனே எழுத வேண்டும். யாருக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, எப்போது: செவிலியர் படிப்பில் முதலில் மனதில் ஏற்றும் இந்த ஐந்தையும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் சரிபார்க்க முடியும். கோப்பையில் விழுந்த பிறகு மாத்திரைக்குப் பெயர் கிடையாது.

மருந்தாளுநர்

கொடுத்து அனுப்பும் விதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அம்மா. அது என் பக்கம்.

மருந்து வாங்கிய அசல் டப்பாவிலேயே அனுப்புங்கள். பிள்ளை பெயர், மருந்தின் பெயர், அளவு, நேரம், காலாவதித் தேதி எல்லாம் லேபிளில் தெரிய வேண்டும். வீட்டில் வசதிக்காக நாள் வாரியாகப் பிரித்து வைக்கும் மாத்திரைப் பெட்டி முகாமுக்கு வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று வேறொருவரால் உறுதி செய்யவே முடியாது. லேபிளில் இருப்பதும் படிவத்தில் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் போன மாதம் அளவைக் கூட்டியிருப்பார், டப்பாவில் பழைய அளவே இருக்கும். செவிலியர் எதை நம்புவார்? இது அடிக்கடி நடப்பது. லேபிளை மாற்றி ஒட்டித் தரும்படி மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.

சிரப் கொடுப்பதாக இருந்தால் "ஒரு ஸ்பூன்" என்று எழுதவே எழுதாதீர்கள். ஸ்பூனுக்கு ஸ்பூன் கொள்ளளவு மாறும். மி.லி. கணக்கில் எழுதி, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கூடவே வையுங்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. வீட்டில் ஒன்று, முகாமில் மற்றொன்று என்றால் அதே 5 மி.லி. இரண்டு மடங்காகிவிடும். பிள்ளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை ஒரு வேளைக்கு. அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. சளி, காய்ச்சல் கலவை மருந்துகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. காலையில் வழிகாட்டி சளி மருந்து கொடுத்திருக்க, மதியம் வேறொருவர் காய்ச்சலுக்குத் தனியாகக் கொடுத்தால் அளவு மீறும். ஆகவே பொது மருந்துகளையும் அதே பதிவேட்டில்தான் எழுத வேண்டும். ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் ரை நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய் வரக்கூடும்.

இனி வெயில். எபிநெஃப்ரின் பேனாவை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறார்கள், கொஞ்ச நேரம் 15 முதல் 30 வரை போகலாம். நிறுத்திய வண்டிக்குள் வெயிலில் அது எளிதாகத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது. பேனாவின் சிறு சாளரத்தில் மருந்து நிறம் மாறியோ கலங்கியோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஹேலர் அழுத்தத்தில் அடைத்த குடுவை, 50 டிகிரிக்கு மேல் போனால் வெடிக்கலாம். எத்தனை டோஸ் மீதி என்று எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராக இருந்தால் அனுப்பும்போது அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இல்லாததைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் நம்பகமானதில்லை, வால்வும் அடைத்துப்போகும். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவதே நல்லது.

வகை1_அப்பா

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. அவ போன முகாம்கள்ல கத்துக்கிட்டதைச் சொல்றேன், இதே நிலைமையில இருக்கிற மத்த பெற்றோருக்கும் உதவும்.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். திறந்து உபயோகத்துல இருக்கிறது 30 டிகிரிக்குக் கீழ வெளியிலேயே இருக்கலாம், பெரும்பாலான வகைகள் 28 நாள் தாங்கும். எல்லாரும் வெயிலுக்குப் பயப்படுறாங்க, நான் ஐஸுக்கும் பயப்படுவேன். நடைபயணத்துக்குப் போகும்போது ஐஸ் கட்டி மேலேயே இன்சுலினை வச்சுக் கட்டிடுவாங்க. உறைஞ்ச இன்சுலின் உருகினப்புறம் பார்க்க எப்பவும் போலவே இருக்கலாம், ஆனா வேலை செய்யும்னு நம்ப முடியாது. தூக்கித்தான் போடணும். துணி சுத்தி, ஐஸ் படாம வைக்கச் சொல்லுங்க. முகாம் ஃபிரிட்ஜ்லயும் பின்சுவரை ஒட்டி வைக்காம முன்பக்கம் வைக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது, அளவு. வீட்டுல இருக்கிற மாதிரி முகாம்ல இருக்க மாட்டாங்க. காலையில நீச்சல், மதியம் பந்து, சாயங்காலம் மலையேற்றம். உடம்பு அசைய அசைய சர்க்கரை இறங்கும். அது அன்னிக்குப் பகலோட முடியாது, நடுராத்திரி தூக்கத்துலயும் இறங்கும். அதனால முகாமுக்கு முன்னாடியே மருத்துவர்கிட்ட உட்கார்ந்து, ஓட்டம் அதிகமான நாளைக்கு இன்சுலினை எவ்வளவு குறைக்கணும்னு எழுதி வாங்கிடுறோம். ராத்திரி யார் எழுந்து பரிசோதிப்பாங்கன்னும் கேட்டுடுவோம். "செவிலியர்" மட்டும் போதாது. எந்தச் செவிலியர், எந்தக் கட்டிடத்துல தூங்குவார், அதுவரைக்கும் கேட்கணும்.

ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ இறங்கினா 15 கிராம் வேகமா கரையுற சர்க்கரை, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பரிசோதனை. நினைவு தப்பிட்டா வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாது, குளுக்ககான்தான். இதை மகளோட அறையில இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நாங்களே அவங்க வயசுக்கு ஏத்த மாதிரி சொல்லிட்டு வந்தோம். "அவ உளறினாலோ, நடுங்கினாலோ, உடனே பெரியவங்களைக் கூப்பிடுங்க, அவளைத் தனியா விடாதீங்க." பிள்ளைங்க ரொம்பப் பொறுப்பா கேட்டுக்கிட்டாங்க.

பயப்படுற பெற்றோருக்காக இதையும் சொல்றேன். இன்சுலினை ஒரு பையனுக்கு முதன்முதலா செலுத்தினது 1922 ஜனவரியில, டொரன்டோவுல. மூணே வருஷத்துல, 1925ல, லியனார்ட் வெண்ட்ங்கிற மருத்துவர் அமெரிக்காவுல மிச்சிகன்ல நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்குன்னே முகாம் ஆரம்பிச்சுட்டார். கையில குளுக்கோஸ் மீட்டர் கூட இல்லாத காலம் அது. நம்ம பிள்ளைங்க தாராளமாப் போகலாம்.

மழைத்துளி

என் மகனுக்குக் கவனக்குறைவு, துறுதுறுப்புக்காகத் தினமும் காலையில ஒரு மாத்திரை. பள்ளிக்கூடத்துல உட்காரத்தானே அது? முகாம்ல ஓடியாடத்தானே போறான். அந்த ரெண்டு வாரம் நிறுத்திட்டா முகாம்காரங்களுக்கும் சுமை குறையும், அவனுக்கும் பசி எடுக்கும்னு நினைக்கிறேன். சரியா?

குழந்தைநல_மருத்துவர்

வேண்டாம் அம்மா. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், முகாமுக்கு முந்தைய வாரம் குறிப்பாக வேண்டாம்.

விடுமுறையில் இந்த மாத்திரைக்கு இடைவெளி விடுவது சில பிள்ளைகளுக்குச் செய்வதுதான், பசிக்காகவும் வளர்ச்சிக்காகவும். வீட்டில், உங்கள் கண் முன்னால் செய்தால் என்ன மாறுகிறது என்று பார்க்க முடியும். முகாம் அதற்கு நேர் எதிரான இடம். புது முகங்கள், புது விதிகள், தண்ணீர், உயரம், நெருப்பு, வில் அம்பு. கவனம் மிகவும் தேவைப்படும் இடத்தில் கவனத்துக்கான மருந்தை எடுத்துவிடுகிறோம். சண்டை போட்டான், சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் காயம் அவர்கள் மனதில் நீண்ட நாள் இருக்கிறது. துறுதுறுப்புக்குக் கொடுக்கும் வேறு சில மருந்துகளை, குளோனிடின், குவான்ஃபசின் போன்றவற்றை, திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். புதிதாக ஒரு மருந்தை ஆரம்பிப்பதையும் முகாமுக்குச் சில வாரங்கள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பசி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மாத்திரைக்கு முன்பே நிறைவான காலை உணவு, மருந்தின் வேகம் குறையும் மாலையில் இன்னொரு நல்ல உணவு என்று படிவத்தில் எழுதுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது என்பதையும் எழுதுங்கள். முழுங்க அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நல்லெண்ணத்தில் நசுக்கிக் கொடுத்துவிடுவார்கள், பகல் முழுவதும் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாரேனும் படித்தால்: ஒரு வேளை தவறுவதும் தூக்கம் கெடுவதும், இரண்டுமே வலிப்பை வரவழைக்கும். முகாமின் கடைசி இரவில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். நெருப்பைச் சுற்றிப் பாட்டு, தாமதமான படுக்கை, இரவு மருந்து மறதி. அந்த இரவைக் குறிப்பிட்டுச் சொல்லி வையுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கிலோ கன்னத்திலோ விடும் மருந்தைக் கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பது வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலும் சில மருந்துகளும் ஒத்துப்போகாது. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் டோபிரமேட் சில பிள்ளைகளுக்கு வியர்வையைக் குறைத்துவிடும், உடல் சூடு ஏறும். படுக்கை நனைப்பதற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினினும் அப்படியே. டாக்ஸிசைக்ளின் எடுத்தால் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும். இதையெல்லாம் கேட்க யாருக்கும் தோன்றாது, எனவே படிவத்தில் "வெயில் நேரத்தில் நிழல், தண்ணீர்" என்று ஒரு வரி நீங்களாகவே எழுதிவிடுங்கள்.

மழைத்துளி

நன்றி டாக்டர். நாளைக்கே எங்க மருத்துவர்கிட்ட பேசுறேன். இன்னொண்ணு, ஒரு வேளை மாத்திரையை அவங்க மறந்துட்டா, இல்ல மாத்திக் கொடுத்துட்டா எனக்குச் சொல்வாங்களா? மறைச்சுடுவாங்களோன்னுதான் பயமே.

முகாம்_செவிலியர்

கேட்க வேண்டிய கேள்வி. சேர்க்கும் முன்னரே அவர்களிடம் கேளுங்கள்: "தவறு நடந்தால் எத்தனை மணிக்குள் எங்களுக்குச் சொல்வீர்கள், யார் சொல்வார்?" நல்ல முகாமில் இதற்கு எழுதிய விதி இருக்கும்.

ஒரு வேளை தவறினால், அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக்கூடாது. சில மருந்துகளை நினைவு வந்ததும் கொடுக்கலாம், சிலவற்றை விட்டுவிட வேண்டும். அதனால் "தவறினால் இப்படிச் செய்யுங்கள்" என்று ஒவ்வொரு மருந்துக்கும் மருத்துவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். காலை மாத்திரையை மாலையில் நினைவு வந்து கொடுத்தால் உங்கள் மகன் இரவெல்லாம் தூங்க மாட்டான்.

பிள்ளைக்கு மருந்து மாறிப் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நச்சு ஆலோசனை மையத்தையோ மருத்துவரையோ கூப்பிட வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, பிள்ளையின் எடை எத்தனை என்று அவர்கள் கேட்பார்கள். அதே நேரத்தில் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் உள்ளபடி எழுத வேண்டும். வெள்ளை மை தடவி அழித்துத் திருத்திய பதிவேட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு கோடு மட்டும் அடித்து, பழையது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை.

சொல்ல வந்தவரைத் திட்டித் துரத்தும் நிர்வாகத்தில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். பத்தொன்பது வயதில் முதல் வேலைக்கு வந்திருக்கும் வழிகாட்டி, "அக்கா, நான் தப்பாக் கொடுத்துட்டேன்னு நினைக்கிறேன்" என்று ஓடி வந்து சொன்னால், அவரை உட்கார வைத்து முதலில் பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டும். அந்த வழிகாட்டி அடுத்த முறையும் ஓடி வருவார். பிள்ளைகளின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

முகாம்_நிர்வாகி

இதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் படிவத்தில் அந்த "எல்லா மருந்துகளும்" வரியை மாற்றி எழுதப் போகிறேன். அவசர மருந்துகளுக்குத் தனிப் பத்தி, யார் பையில் என்ற கேள்விக்குத் தனிக் கட்டம். காலையில் "காட்டு" என்று கேட்கும் முறையையும் இந்த வருடமே தொடங்குகிறோம். பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எல்லாவற்றையும் எழுதுங்கள். சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, கடையில் சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை எதையும் "மருந்து இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். பையின் அடியில் துணிக்குள் சுற்றி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நாங்கள் அறியாத மருந்தோடு நாங்கள் அறிந்த மருந்தைச் சேர்த்துக் கொடுக்க நேர்கிறது.

தென்றல்_அம்மா

எல்லாருக்கும் மனசார நன்றி. மறுபடி போன் பண்ணி, செவிலியர் அக்கா சொன்ன நாலு கேள்வியையும் அப்படியே கேட்டேன். முதல்ல எடுத்தவங்களுக்குத் தெரியலை. மருத்துவ அறைப் பொறுப்பாளர்கிட்ட கொடுத்தாங்க. அவங்க பொறுமையா பேசினாங்க. நீல இன்ஹேலர் பையன் இடுப்புல இருக்கலாம், மருத்துவர் கடிதம் வேணும்னு சொன்னாங்க. ஊசிப் பேனா ரெண்டும் ஒரே பையில வழிகாட்டி கூடவே இருக்கும், பையன் வேற குழுவுக்குப் போனா பையும் மாறும்னு எழுத்துல அனுப்புறேன்னாங்க. பயிற்சிப் பேனா அவங்ககிட்ட இல்லையாம். எங்க வீட்டுல இருக்கிறதைக் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.

ஒண்ணு மட்டும் கேட்க விட்டுப்போச்சு. முகாமுக்குப் பஸ்ல கூட்டிட்டுப் போறாங்க, நாலு மணி நேரப் பயணம். மருந்துப் பையைப் பெட்டியோட சேர்த்து அடியில போட்டுடுவாங்களா?

முகாம்_செவிலியர்

கேட்காவிட்டால் போட்டுவிடுவார்கள். அடியில் சூடும் அதிகம், ஓடும் வண்டியில் எடுக்கவும் முடியாது. ஊசிப் பேனாப் பையும் நீல இன்ஹேலரும் பஸ்ஸுக்குள், பையன் உட்காரும் வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். ஏற்றிவிடும்போது அவரை நேரில் பார்த்து, பையைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டி, ஒப்படையுங்கள். அவர் பெயரையும் போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மற்றப் பிள்ளைகள் தின்பண்டம் பகிர்ந்துகொள்வார்கள், அதையும் அவரிடம் சொல்லுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டும். கடைசி நாள் அவசரத்தில் மருந்துகள் முகாமிலேயே தங்கிவிடுவது வழக்கம், எனவே கொடுத்த பட்டியலின் நகல் ஒன்றை வைத்திருங்கள். பையனைக் கூட்டிப்போக வரும்போது அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள். இன்ஹேலரில் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் பாருங்கள். நீல இன்ஹேலர் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகச் செலவாகியிருந்தால், அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

தென்றல்_அம்மா

சரிங்க அக்கா. பஸ்ல வர்றவர் யாருன்னு நாளைக்குக் காலையிலேயே கேட்டுடுறேன். மருத்துவர் கடிதத்துக்கு வியாழக்கிழமை நேரம் கிடைச்சிருக்கு.